பாட்டு நடுவில் நின்றபோது

பிள்ளைகளே,

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், ஒரு கடைக்கு மேல்மாடியில் நீங்கள் நடத்துகிற தமிழ் வானொலியின் மலருக்கு, "பதற்றப்படாமல் வேலை செய்வது எப்படி" என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஆளை மாறிப் பிடித்துவிட்டீர்கள். பதற்றப்படாமல் நான் வேலை செய்த நாள் என்று ஒன்று கிடையாது. லண்டனில் பெரியதொரு ஆங்கில வானொலியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதற்காக, எனக்கு இரும்பு நெஞ்சு என்று யாரோ உங்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். யாரென்றும் தெரியும். ரமேஷ்தான். அவன் வாய்க்குப் பூட்டுப் போட இந்த ஊரில் ஆளில்லை.

அவன் சொன்னது அந்தப் பழைய ராக் பாட்டு மறுபடி வெளிவந்த நாளின் கதையாகத்தான் இருக்கும். அவன் பக்கத்துக் கதையைக் கேட்டுவிட்டீர்கள். இனி என் பக்கத்தைக் கேளுங்கள்.

வானொலிக்காரனுக்குப் பயம் என்றால் முதற் பயம் சத்தம் நின்றுபோவதுதான். அறிவிப்பாளர் உளறலாம், செய்தியைத் தப்பாக வாசிக்கலாம், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். சத்தம் நின்றால் கேட்பவர் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவார், திரும்பி வரமாட்டார். அதற்காக எங்கள் அறையில் ஒரு கருவி இருந்தது. நாங்கள் அதைக் காவல்காரன் என்போம். சில விநாடிகள் சத்தம் வராவிட்டால் காவல்காரன் யாரையும் கேட்காமல், தயாராக வைத்திருக்கும் பியானோ இசையைப் போட்டுவிடுவான். பேச்சில்லாத, மெதுவான பியானோ. பெரிய ஆட்கள் யாரும் இறந்துபோனால் அறிவிப்புக்கு முன்னால் போடுவதும் அதே பியானோதான். சிக்கனம் பார்க்கிற நிலையம், இரண்டுக்கும் ஒன்றையே வைத்திருந்தார்கள். அது பாதியில் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று எங்கள் நேயர்களுக்குத் தெரியும்.

ரமேஷ் திருச்சிக்காரன். விம்பிள்டனில் குடியிருக்கிறான். எங்கள் நிலையத்துக் கருவிகளுக்கெல்லாம் அவன்தான் பொறியாளர். காவல்காரனையும் அவன்தான் பொருத்தினான். பொருத்திய அன்றே என்னிடம் சொன்னான்:

"அண்ணா, இதுல மட்டும் கை வைக்காதீங்க. ஆஃப் பண்ணீங்கன்னா உடனே மேனேஜர் போனுக்கு மெசேஜ் போயிடும். அப்புறம் உங்க வேலைக்கு நான் கேரண்டி இல்ல."

"நான் ஏன் தம்பி அதிலை கை வைக்கிறன்? எனக்கென்ன விசரே?" என்றேன்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அந்தப் பாட்டு இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் ஹவுன்ஸ்லோவில் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்ற காலத்தில் வருகிற காரிலெல்லாம் அதுதான் பாடும். பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்று, பிறகு கிட்டார் தனியாகத் தொடங்கும். பழைய இசைத்தட்டில் அந்த நிறுத்தம் முழு மௌனம் அல்ல. யாரோ மூச்சு விடுவது கேட்கும், யாரோ அசைய, உட்கார்ந்திருந்த கதிரை கிறீச்சிடும். அதனால் எத்தனை முறை போட்டாலும் காவல்காரன் அசைந்ததில்லை.

அந்தக் குழுவில் டிரம் அடித்தவர் இறந்துபோனார். அவர் நினைவாக, பாடகர் பழைய ஒலிநாடாக்களை எடுத்து, துடைத்துச் சுத்தமாக்கி, அதே பாட்டை மறுபடி சிறிய இசைத்தட்டாக வெளியிட ஏற்பாடு செய்தார். முதன்முதலாக ஒலிபரப்பும் உரிமை எங்கள் காலை நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. காரணம், அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தட்டின் முதற் பிரதியை உறை பிரிக்காமல் கொண்டுவருவார்கள். வானொலியில் நேரலையில் பாடகரே உறையைக் கிழித்து, தன் கையால் ஊசியை வைப்பார். அதற்கு முன் வெளியாள் ஒருவரும் கேட்கக் கூடாது. இளமையில் ஒருமுறை வழக்கத்தை மீறி முன்கூட்டியே கொடுத்தார்களாம், அந்தப் பாட்டு விழுந்துபோயிற்றாம். வெள்ளைக்காரனுக்குச் சகுனம் இல்லை என்று யார் சொன்னது?

ஒருமுறை கேட்காத எதையும் காற்றில் விடாதே என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நான் எங்கள் மேலாளர் ஹெலனிடம் போய்ச் சொன்னேன். கெட்டிக்காரி, ஆனால் அன்றைக்கு அவர் காலும் தரையில் இல்லை. "ஊரெல்லாம் தெரிந்த பாட்டு, இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்து வந்தவரிடம் கேட்டேன். "அதே பாட்டுத்தான், கொஞ்சம் துடைத்திருக்கிறோம்" என்றார். அவரும் கேட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். சில வாரங்களுக்கு முன் பாடகர் இறந்துவிட்டார் என்று கைபேசிகளில் ஒரு பொய்ச் செய்தி பரவியது உங்களுக்கும் வந்திருக்கும். அப்போது பாடகர் விமானத்தில் இருந்திருக்கிறார். வீட்டில் தனியாக இருந்த அவர் மனைவி செய்தியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, இதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்களாம். "இப்போது கட்டிலில் படுத்தபடி உங்கள் நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார் அந்த மனிதர், ஏதோ நல்ல சேதி சொல்வது போல. அவர் புருஷன் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பியானோ வந்தால் அந்த மனுஷி என்ன நினைப்பார்?

போதாக்குறைக்கு, தட்டைச் சுழற்றும் கருவி எங்களிடம் சேமிப்பறையில்தான் கிடந்தது. யார் இப்போது ஊசி வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள்? ரமேஷ் அதைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மாட்டினான். சோதனைக்கு வேறொரு தட்டைப் போட்டோம். பாதியில் சத்தம் பட்டென்று நின்றது.

"என்னடா தம்பி இது?"

"கேபிள்தான் அண்ணா. மாத்திட்டேன். இப்ப ஓகே."

"ஓகே எண்டால்?"

"ஓகேன்னா ஓகேதான். காலைலயே ஆரம்பிக்காதீங்க."

ஊசியின் கரகரப்பு கேட்காமலிருக்க ஒரு வடிகட்டிப் பெட்டியையும் இடையில் பொருத்தினான். பாட்டு இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் அடைத்துவிடும். அதாவது பாட்டு நின்றால், ஊசி ஓடுகிறதா, கேபிள் அறுந்துவிட்டதா என்று என் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இதை அவனிடம் சொன்னேன். "பழைய பாட்டுல மூச்சுச் சத்தம் இருக்குல்ல அண்ணா, அது கேக்கும்" என்றான். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

பாடகர் போக்குவரத்தில் மாட்டிப் பிந்தி வந்தார். ஒருவரோடும் ஒரு வார்த்தை பேச நேரமில்லை, நேரே ஒலிப்பதிவு அறைக்குள் போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடி. மெலிந்த மனிதர், பெரிய கறுப்புக் கோட்டு, கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். அறிவிப்பாளர் டிரம் அடித்தவரைப் பற்றிக் கேட்டார். பாடகர் நன்றாகத்தான் பேசினார். கடைசியில் சொன்னார்: "அவன் இல்லாமல் அந்தப் பாட்டை வெளியிட மனம் வரவில்லை. அதனால் நடுவில் அவனுக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறோம்."

சொல்லிவிட்டு உறையைக் கிழித்து, இடது கையால் ஊசியை வைத்தார்.

ரமேஷ் என் பின்னால் நின்றான். "என்ன இடம்?" என்றேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. துடைத்திருக்கிறார்கள் என்றால் மூச்சுச் சத்தமும் இல்லை, கதிரையும் இல்லை. இடம் விட்டிருக்கிறார்கள் என்றால் நிறுத்தத்தை நீட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நீட்டினார்கள் என்று கேட்க வழியில்லை, பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. மைக்கும் திறந்தபடி இருந்தது, பாடகர் முகத்தைக் கேட்பவர்களுக்குக் காட்ட முடியாது, மூச்சையாவது கேட்கட்டும் என்று அறிவிப்பாளர் ஆசைப்பட்டிருந்தார். அந்த அறைக்குள் யாரும் வாய் திறக்க முடியாது.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஓர் ஐரிஷ்காரர். பொல்லாத வாய். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பினால் வாசலில் நீ நிற்கவேண்டும், மூத்திரம் முட்டினாலும் நகரக் கூடாது என்பார். அதுதான் நினைவுக்கு வந்தது.

"ரமேஷ், காவல்காரனை நிப்பாட்டப் போறன்."

"ஐயோ அண்ணா, வேணாம்! நிஜமாவே கேபிள் போச்சுன்னா? மொத்த நாடும் கேட்டுட்டு இருக்கு."

"பியானோ வந்தால் அந்த மனுஷிக்கு ஏதும் நடந்திடும்."

"உங்க வேலை போயிடும்ணா."

நிறுத்தினேன். சொன்னபடியே ஹெலனுக்குச் செய்தி போயிருக்க வேண்டும், மாடிப்படியில் அவருடைய குதி உயர்ந்த செருப்பின் சத்தம் கேட்டது. பியானோவைக் கையால் போடுகிற பொத்தான் ஒன்று உண்டு. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயில் பிள்ளையாரின் பெயர் தானாக வந்தது. பல்லவி முடிந்தது, எல்லா வாத்தியமும் ஏறின, ஏறின, நின்றன.

சத்தத்தை அளக்கும் மீட்டரின் முள் விழுந்து அடியில் படுத்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்த பழைய நிறுத்தத்தின் நீளம் கடந்தது. கிட்டார் வரவில்லை. காவல்காரன் இருந்திருந்தால் விழித்துக்கொள்ளும் நேரமும் கடந்தது. வரவில்லை. ஹெட்போனில் ஒன்றுமே இல்லை, மைக்கில் பாடகரின் மூச்சுக்கூட இல்லை, மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலும். அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையை விரித்து என்ன, என்ன என்று காட்டினார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஹெலன், "போடுங்கள்! பியானோவைப் போடுங்கள்!" என்று கத்தினார். ரமேஷ் குனிந்து கேபிளைப் பார்க்கிறான், அதைத் தொடவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். "போச்சுண்ணா, கேபிள் போச்சு" என்றான். அவன் குரல் அழுகிற பிள்ளையின் குரல் போலிருந்தது.

பயம் எனக்குள் எங்கெங்கோ ஓடியது. வீட்டுக் கடன், பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள், இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்பதெல்லாம் ஒரு கணத்தில் வந்துபோயின. பொத்தானை அமத்தினால் நான் தப்பிவிடுவேன். கேபிள் போய்விட்டது, பியானோவைப் போட்டேன், சட்டப்படி சரி. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அந்த மனுஷி கட்டிலில் இருந்து கேட்பார், அவ்வளவுதான்.

விரலை அழுத்தப் போகும்போது கண்ணாடிக்குள் பார்த்தேன். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை நெஞ்சில், தடித்த கோட்டின் மேல் இருந்தது. அதன் விரல்கள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன. விட்டுவிட்டு அல்ல, ஒரே சீராக, டிரம்மில் தட்டுவது போல. அவருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இறந்தவரின் பங்கை அவர் விரல் அடிக்கிறது, இது பாட்டுத்தான், கேபிள் அல்ல என்று என் மனம் சொன்னது. விரலைப் பொத்தானில் இருந்து எடுத்தேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று ஹெலன் என் தோளைப் பிடித்தார்.

கிட்டார் வந்தது.

ரமேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹெலன் என் தோளை விடவில்லை, நகம் பதிந்த இடம் மறுநாளும் நொந்தது. பாட்டு முடியும்வரை நான் காவல்காரனைத் திரும்பப் போடுவதையும், ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்ப்பதையும் மட்டும் செய்தேன்.

பிறகு தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. முதலில் வந்ததெல்லாம் ஏச்சு. உங்கள் நிலையம் செத்துவிட்டதா, என் ரேடியோ பழுதா, போர் தொடங்கிவிட்டதா என்று கேட்டார்கள். ஒரு பெண் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாடகர் உயிரோடு இருக்கிறாரா என்று அழுதுகொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில் பேச்சு மாறியது. நிறுத்தத்தில் தானும் மூச்சைப் பிடித்திருந்ததாக ஒரு பஸ் ஓட்டுநர் சொன்னார். புருஷனை இழந்த ஒரு முதிய பெண், "அந்த இடத்தில் என்னுடைய ஆளும் இருந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் நாடு முழுதும் அந்த மௌனத்தைப் பற்றித்தான் பேச்சு. பத்திரிகைகள் துணிச்சல் என்று எழுதின. தட்டு விற்றுத் தீர்ந்தது. விமான நிலையத்துக் கடையில் வேலை செய்கிற என் மனைவி இடைவேளையில் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட ரேடியோ செத்துப்போச்செண்டு நினைச்சன். நீங்கள் நித்திரையே?"

"ஓம், நல்ல நித்திரை" என்றேன்.

ஹெலன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். காவல்காரனை நிறுத்தியது வேலையில் இருந்து தூக்கக்கூடிய குற்றம் என்றார். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்த ஆதாரத்தில் பொறுத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான் பாடகரின் விரல்களைச் சொன்னேன். தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் பாட்டு ஓடுகிறது என்று அறிந்தேன் என்றேன். கிட்டார் அவர் விரல் தட்டியதோடு ஒட்டி வந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படித்தான் எனக்குப் பட்டது. ஹெலன் என்னைப் பார்த்த பார்வை மாறியது. "முப்பது பேர் இருந்தாலும் அதை ஒருவர்தான் பார்த்திருப்பார்" என்றார். மேலிடத்துக்கு அதையே சொல்வதாகவும், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. பாடகர். விடைபெற்றுப் போகுமுன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். மனைவி தொலைபேசியில் பேசினாள், நன்றாக இருக்கிறாள், பாட்டு முடியும்வரை அழுதாளாம் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்தேன்.

அந்தக் கை நிற்கவில்லை. என் உள்ளங்கைக்குள் அதே தட்டல், அதே சீராக.

"மன்னிக்க வேண்டும்" என்றார். "கொஞ்சக் காலமாக இப்படித்தான். மருந்து எடுத்தாலும் நிற்பதில்லை. அதுதான் பைக்குள் வைத்துக்கொள்வேன்."

நான் கையை விடவில்லை. விடத் தெரியவில்லை.

"நீங்கள் எப்படித்தான் பொறுத்திருந்தீர்களோ" என்றார். "அந்த இடத்தை நீட்டியவனே நான். எனக்கே முடியவில்லை. ஏதோ அறுந்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்."

அவர் போனபின் ஹெலன் கதவைச் சாத்தினார்.

"அவர் கை நடுங்குகிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்?" என்று கேட்டார்.

"பொத்தானை அமத்தியிருப்பேன்" என்றேன். "உடனே."

அவர் தலையை ஆட்டினார். மறுநாளில் இருந்து, எந்தப் பெரிய ஆள் கொண்டுவந்தாலும், நாங்கள் ஒருமுறை முழுதாகக் கேட்காத எதுவும் அந்த நிலையத்தில் காற்றில் போகவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். சகுனம் என்பார்கள், இரகசியம் என்பார்கள், ஊரெல்லாம் தெரிந்த பாட்டு என்று சிரிப்பார்கள். மானம் போனாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போடுங்கள். என்னைப் பார்த்து மட்டும் பொத்தானில் இருந்து விரலை எடுக்காதீர்கள்.

பிழையாகிப்போன வேலைகள் எனக்கு எத்தனையோ உண்டு. அவை இப்போது கனவிலும் வருவதில்லை, ஏன் பிழையாயின என்று தெரியும். இது சரியாக முடிந்தது, இதற்குத்தான் இன்றும் பயம். வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டு வந்தால், அந்த இடத்துக்குப் போகுமுன் எழுந்துபோய் நிறுத்திவிடுகிறேன்.